சிறு படகின் தளமும் இருக்கைகளும்: ஒரு சீரமைப்பின் வரலாறு

பழைய சிறு படகுகளைப் புதுப்பிக்கும் வேலையில் மிகுதியாகச் செய்யப்படுவது தளத்தையும் இருக்கைகளையும் மாற்றி அமைப்பதாகும். மிதித்தால் அமுங்கும் தளப்பலகை, ஆடும் இருக்கை, கிழிந்த மெத்தை ஆகியவற்றை அகற்றிப் புதியவற்றைப் பொருத்துவது வீட்டுத் தச்சு வேலை போலவே தோன்றும். ஆனால் படகின் தளமும் இருக்கைகளும் நிற்பதற்கும் உட்காருவதற்கும் மட்டும் அமைக்கப்பட்டவை அல்ல. படகின் உடல் விரியாமலும் குவியாமலும் பிடித்து நிறுத்துவது, அடியில் தேங்கும் நீரிலிருந்து ஆட்களையும் சரக்கையும் காப்பது, படகு நீரால் நிரம்பினாலும் மூழ்காமல் தாங்குவது என மூன்று பணிகள் அவற்றிடம் வெவ்வேறு காலங்களில் ஒப்படைக்கப்பட்டன. இந்த மூன்றும் எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதையும், 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் பெருகிய கண்ணாடி இழைப் படகுகளில் அவை எவ்வாறு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தன என்பதையும், அதனால் சீரமைப்பின்போது ஏற்படும் ஆபத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இருக்கையாகப் பயன்பட்ட குறுக்குச் சட்டம்

மரப்படகு ஒன்றின் இரு பக்கங்களும் நீரின் அழுத்தத்தால் உள்நோக்கி நெருக்கப்படுகின்றன. துடுப்பு வலிக்கும்போதும் பாய் இழுக்கும்போதும் அவை முறுக்கவும் படுகின்றன. இதைத் தாங்க ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குக் குறுக்காகச் சட்டங்கள் வைக்க வேண்டியிருந்தது. வைத்த சட்டத்தின் மேல் துடுப்பாளர் உட்கார்ந்தார். சிறு படகின் இருக்கை இவ்வாறு படகைக் கட்டிப்பிடிக்கும் உறுப்பாகவே தோன்றியது.

டென்மார்க்கின் ஆல்ஸ் தீவில் 1921-22 ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஜோர்ட்ஸ்பிரிங் படகு இதற்குத் தெளிவான சான்று. ஏறத்தாழ கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்படகு லிண்டன் மரப்பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்டது. சுமார் 20 பேர் அமர்ந்து துடுப்பு வலிக்க இடமிருந்தது. இதன் ஒவ்வொரு குறுக்குச் சட்டமும் வளைத்த ஹேசல் கொம்பாலான வங்குடன் இணைத்துக் கட்டப்பட்டிருந்தது. வங்கு, தாங்கு கால், இருக்கை எல்லாம் சேர்ந்து ஒரே சட்டகமாக நின்று மெல்லிய பலகைகளுக்கு வடிவம் கொடுத்தன. இருக்கையை மட்டும் தனியே கழற்றினால் படகின் குறுக்குவெட்டு வடிவமே தளர்ந்துவிடும்.

பண்டைய கிரேக்கரின் மூவரிசைத் துடுப்புக் கப்பல்களிலும் இதே தொடர்பு மொழியில் பதிந்துள்ளது. நடு வரிசைத் துடுப்பாளர்களைக் குறித்த கிரேக்கப் பெயர், குறுக்குச் சட்டத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அச்சொல்லுக்கு நுகத்தடி என்ற பொருளும் உண்டு. இரண்டு மாடுகளை நுகம் பிணைப்பதுபோல் படகின் இரண்டு பக்கங்களையும் இருக்கைச் சட்டம் பிணைத்தது.

சோழமண்டலக் கரையின் மசூலா படகுகளும் இதே வகையில் வைத்து எண்ணத்தக்கவை. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னையில் கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டு நின்றன. பயணிகளும் சரக்கும் அலை உடையும் பகுதியைக் கடந்து கரை சேர இந்தப் படகுகளே உதவின. பலகைகள் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. உள்ளே வங்குகள் இல்லை. அலை அடித்தாலும் மணலில் மோதினாலும் உடையாமல் நெளிந்து கொடுப்பதற்காகவே அவ்வாறு கட்டினர். வங்கு இல்லாத அந்த உடலின் இரு பக்கங்களையும் இணைத்து நின்றவை குறுக்குச் சட்டங்கள். துடுப்பாளர்கள் அமர்ந்ததும் அவற்றின் மேல்தான்.

கழற்றக்கூடிய தளம்

படகின் உள்ளே எப்போதும் சிறிதளவு நீர் இருக்கும். பலகை இடுக்குகளில் கசியும் நீர், தெறிக்கும் அலை, மழை ஆகிய மூன்றும் அடியில் சேரும். ஆகவே பழைய படகுகளில் தளம் என்பது அந்த நீருக்கு மேலே, வங்குகளின்மீதோ குறுக்குச் சட்டங்களின்மீதோ பரப்பப்பட்ட பலகை வரிசையாக இருந்தது. அதை வேண்டும்போது எடுத்துவிட்டு நீரை இறைக்கலாம். கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். காற்றுப் பட்டு மரம் உலர விடலாம்.

நார்வேயில் 1880இல் ஒரு புதைமேட்டிலிருந்து எடுக்கப்பட்ட கோக்ஸ்டாட் கப்பலில் தளப்பலகைகள் ஆணியடிக்கப்படாமல் சட்டங்களின்மேல் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தூக்கி அடியில் பொருள்களை வைக்கவும் நீரை இறைக்கவும் முடிந்தது. அக்கப்பலில் நிலையான இருக்கைகள் எவையும் கிடைக்கவில்லை. துடுப்பாளர்கள் தங்கள் பெட்டிகளின்மேல் அமர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அதே புதைமேட்டில் மூன்று சிறு படகுகளின் பகுதிகளும் கிடைத்தன. அவற்றில் மிகச் சிறியது சுமார் 6.5 மீட்டர் நீளமுடையது. அதைப் பார்த்துச் செய்த மாதிரிப் படகுகள் இன்றும் கட்டப்படுகின்றன.

கழற்றக்கூடிய தளத்தின் பயன் வசதியோடு முடிவதில்லை. மரம் நீண்டநாள் உழைக்க வேண்டுமானால் அடிப்பகுதிக்குக் காற்றோட்டம் வேண்டும் என்ற பட்டறிவும் அதில் அடங்கியிருந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கடற்படை நிர்வாகி சாமுவேல் பெப்பீஸ், புதிதாகக் கட்டப்பட்ட போர்க்கப்பல்கள் துறைமுகத்திலேயே அழுகிக் கிடந்ததை ஆராய்ந்தார். காற்றோட்டமற்ற அடித்தளங்களில் கைமுட்டி அளவு காளான்கள் முளைத்திருந்ததைத் தாமே பறித்ததாக அவர் பதிவு செய்துள்ளார். மூடி வைத்த ஈரம் மரத்தைத் தின்னும் என்ற அந்தப் பாடம் பின்னாளில் சிறு படகுகளைக் கட்டியவர்களால் மறக்கப்பட்டது.

இருக்கைக்கு அடியில் மிதவை

மரத்தின் அடர்த்தி பெரும்பாலும் நீரைவிடக் குறைவு. ஆகவே மரப்படகு கவிழ்ந்தாலும் நிரம்பினாலும் அதன் உடல் எளிதில் அடிக்குச் செல்லாது. ஆனால் பாரமும் ஆட்களும் இருக்கும்போது நீர் நிரம்பிய படகால் எவரையும் காப்பாற்ற முடியாது. இக்குறையைப் போக்க முனைந்தவர்களுள் முன்னோடி லண்டன் நகரின் குதிரை வண்டி தயாரிப்பாளர் லயனல் லூக்கின்.

லூக்கின் புதுப் படகு ஒன்றைக் கட்டித் தொடங்கவில்லை. 1784இல் நார்வே நாட்டுப் பாணியில் அமைந்த படகு ஒன்றை வாங்கி, அதை மாற்றியமைத்துத் தேம்ஸ் ஆற்றில் சோதித்தார். மேல்விளிம்பின் வெளிப்புறத்தில் தக்கைப் பட்டை சேர்த்தார். உள்ளே நீர் புகாத அறைகளை அமைத்தார். அடியில் கனமான இரும்பைப் பொருத்தி நிலைத்தன்மையைக் கூட்டினார். இம்முறைக்கு 1785இல் காப்புரிமை பெற்றார். உயிர்காப்புப் படகுகளின் வரலாறு இவ்வாறு ஒரு சீரமைப்பு வேலையிலிருந்தே தொடங்குகிறது.

1789இல் இங்கிலாந்தின் டைன் ஆற்று முகத்தில் ஒரு கப்பல் உடைந்து, கரையில் கூடியிருந்த மக்களின் கண்முன்னே மாலுமிகள் இறந்தனர். அதைத் தொடர்ந்து ஹென்றி கிரேட்ஹெட் கட்டிய 'ஒரிஜினல்' என்ற உயிர்காப்புப் படகு 1790இல் பணிக்கு வந்தது. அதிலும் தக்கையே மிதவை தந்தது. 19ஆம் நூற்றாண்டில் தக்கையோடு காற்றடைத்த பெட்டிகளும் பயன்பாட்டுக்கு வந்தன. கப்பல்களில் தொங்கவிடப்பட்ட உயிர்காப்புப் படகுகளில் பக்கவாட்டு இருக்கைகளுக்கு அடியில் செப்புக் காற்றுப்பெட்டிகள் வைக்கப்பட்டன. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் மரப் படகுகளிலும் இத்தகைய செப்புப் பெட்டிகள் இருந்தன.

இருக்கையின் அடிப்பகுதி வீணாகக் கிடக்கும் இடம் என்பதால் மிதவைப் பொருளை அங்கே வைப்பது இயல்பாயிற்று. அன்றுமுதல் இருக்கைக்கு மூன்றாவது பணியும் சேர்ந்தது.

ஒட்டுப்பலகையும் கண்ணாடி இழையும்

1930கள் வரை மரத் தகடுகளை ஒட்டிச் செய்த பிளைவுட் (ஒட்டுப்பலகை) ஈரத்தில் பிரிந்துவிடும் பொருளாக இருந்தது. 1934 அளவில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் முழுமையாக நீரைத் தாங்கும் பசை உருவாக்கப்பட்டபின் அது படகுக்கு ஏற்றதாயிற்று. இரண்டாம் உலகப் போரில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் நிறுவனம் கட்டிய படையிறக்கும் படகுகளில் பிளைவுட் பெருமளவில் பயன்பட்டது. போருக்குப்பின் அதே பலகை பொதுமக்களின் உல்லாசப் படகுகளுக்கு வந்தது. 1950இல் கிறிஸ்-கிராஃப்ட் நிறுவனம் வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் பிளைவுட் படகுத் தொகுப்புகளை விற்கத் தொடங்கியது.

ஏறத்தாழ அதே காலத்தில் கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும் சேர்ந்த புதிய பொருள் வந்தது. ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரைச் சேர்ந்த ரே கிரீன் 1942இல் இப்பொருளால் படகு செய்த முன்னோடியாகக் குறிப்பிடப்படுகிறார். 1950களிலும் 1960களிலும் கண்ணாடி இழைப் படகு, நடுத்தர வருவாய்க் குடும்பங்களும் வாங்கக்கூடிய பொருளாக ஆனது. அச்சில் வார்த்து எடுப்பதால் வேலை விரைவாக முடிந்தது. பலகை இடுக்குகளே இல்லாததால் கசிவும் இல்லை.

ஆனால் மெல்லிய கண்ணாடி இழை ஓடு வளையும் தன்மையுடையது. அதை விறைப்பாக்க உட்புறம் நீளவாக்கில் மரச் சட்டங்களை வைத்து, அவற்றைப் பிசினும் இழைத் துணியும் கொண்டு மூடினர். அச்சட்டங்களின்மேல் பிளைவுட் தளத்தை வைத்து, தளத்தின் ஓரங்களை ஓட்டின் பக்கங்களோடு இழைத் துணியால் ஒட்டினர். இப்போது ஓடு, நீளச்சட்டம், தளம் மூன்றும் சேர்ந்து ஒரு பெட்டியைப்போல் விறைப்பைத் தந்தன. முன்பு குறுக்குச் சட்ட இருக்கை செய்த வேலையைத் தளம் ஏற்றுக்கொண்டது. அதனால் இருக்கைக்கு விடுதலை கிடைத்தது. முதுகோடு முதுகு சேர்ந்த இரட்டை இருக்கைகள், மடக்கி விரித்தால் படுக்கையாகும் இருக்கைகள், சுழல் நாற்காலிகள் எனக் கார் இருக்கைகளைப் போன்றவை பிளைவுட் பெட்டிகளின்மேல் வினைல் உறை போர்த்தி வந்தன. அவை தளத்தின்மீது திருகாணியால் முடுக்கப்பட்டன.

கழற்றக்கூடிய தளம் இந்த மாற்றத்தில் மறைந்தது. நிலையாக ஒட்டப்பட்ட தளத்தின் அடியில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வழியில்லாமல் போயிற்று.

நுரையும் சட்டமும்

கண்ணாடி இழையின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நீர் நிரம்பினால் அதன் ஓடு மரத்தைப்போல் மிதக்காது. இயந்திரத்தின் எடையும் சேரும்போது மூழ்குவது உறுதி. எனவே மிதவை வேறிடத்திலிருந்து வர வேண்டும்.

இதற்கு மிகவும் புகழ்பெற்ற விடை 1958இல் வந்தது. ரிச்சர்ட் ஃபிஷர் உருவாக்கிய 13 அடி பாஸ்டன் வேலர் படகில் இரண்டு கண்ணாடி இழை ஓடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை நிரப்பப்பட்டது. 1961இல் லைஃப் இதழில் வெளியான படங்களில் அப்படகு நடுவே ரம்பத்தால் அறுக்கப்பட்டது. அறுபட்ட பின்பும் பாதிப் படகு ஆளைச் சுமந்து மிதந்தது. மற்ற பல தயாரிப்பாளர்கள் இரட்டை ஓட்டின் செலவைத் தவிர்த்து, தளத்துக்கு அடியிலும் இருக்கைப் பெட்டிகளுக்குள்ளும் நுரையை ஊற்றினர் அல்லது கட்டிகளாக வைத்தனர்.

1971 ஆகஸ்டில் அமெரிக்காவின் கூட்டாட்சிப் படகுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. படகு தயாரிப்பாளர்களுக்குப் பாதுகாப்பு அளவுகோல்களை விதிக்கும் அதிகாரத்தை அது அளித்தது. கடலோரக் காவற்படை அதைச் செயல்படுத்தியது. 1972 நவம்பர் முதல் ஒவ்வொரு படகின் பின்பலகையிலும் அடையாள எண் பொறிக்கப்பட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 1970களின் பிற்பகுதியில் 20 அடிக்குக் குறைந்த பெரும்பாலான இயந்திரப் படகுகளுக்கு மிதவை விதிகள் வந்தன. வெளிப்பொருத்து இயந்திரப் படகுகளுக்கு விதிக்கப்பட்டது 'சமநிலை மிதவை'.

சமநிலை மிதவையின் பொருள் எளிது. முன்பெல்லாம் நிரம்பிய படகு, இயந்திரம் இருக்கும் பின்பக்கம் மூழ்கி, மூக்கு மட்டும் வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு மிதக்கும். வழுக்கும் அந்த மூக்கைப் பலர் நெடுநேரம் பற்றிக்கொண்டிருக்க முடியாது. குளிர்ந்த நீரில் விரல்கள் சில நிமிடங்களிலேயே பிடிமானத்தை இழக்கும். நிரம்பிய படகு கிடைமட்டமாக மிதந்தால் ஆட்கள் அதற்குள்ளேயே அமர்ந்து உதவிக்குக் காத்திருக்கலாம். இதற்காக நுரையின் அளவு மட்டுமன்றி அது இருக்கும் இடமும் கணக்கிடப்படுகிறது. இயந்திரத்தின் எடையை ஈடுகட்டப் பின்பக்கத்திலும், படகு உருளாமலிருக்கப் பக்கவாட்டில் உயரமாகவும் நுரை வைக்கப்படுகிறது. பின் இருக்கையின் ஓரப் பெட்டிக்குள் உள்ள நுரைக்கட்டி அங்கே தற்செயலாக வைக்கப்பட்டதில்லை.

தளம் அழுகும் விதம்

கண்ணாடி இழை அழுகாது. அதற்குள் மூடப்பட்ட மரம் அழுகும். மரத்தை அழிக்கும் பூஞ்சைக்கு ஈரம், காற்று, மிதமான வெப்பம் ஆகிய மூன்றும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது வளராது. கடலின் உப்பு நீர் பூஞ்சையை ஓரளவு தடுக்கும். மழைநீர் அதற்கு விருந்து. பழைய மரக்கப்பல் தச்சர்கள் வங்குகளுக்கு இடையில் உப்பைக் கொட்டி வைத்ததன் காரணமும் இதுவே. ஆகவே கடலில் ஓடிய காலத்தைவிட, மூடப்படாமல் முற்றத்தில் நின்று மழை வாங்கிய காலமே பெரும்பாலான பழைய படகுகளைக் கெடுத்தது.

நீர் உள்ளே புகும் முதன்மை வழி இருக்கைகளின் திருகாணித் துளைகள். ஒவ்வொரு முறை ஒருவர் உட்கார்ந்து எழும்போதும் இருக்கைக் கால் சிறிது அசைகிறது. துளையைச் சுற்றியுள்ள பிசின் விரிசல் விடுகிறது. நீர் பிளைவுட்டின் நடு அடுக்கை அடைந்து பக்கவாட்டில் பரவுகிறது. மேலே ஒட்டிய கம்பளம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பல ஆண்டுகளுக்குப்பின் தளம் காலடியில் அமுங்கும்போது, நோய் அதற்குக் கீழே உள்ள நீளச்சட்டங்களையும் எட்டியிருக்கும்.

நுரையும் தப்புவதில்லை. மூடிய கண்ணறைகளைக் கொண்ட பாலியூரித்தேன் நுரை எளிதில் நீரை உறிஞ்சாது. ஆனால் வடிகால் இல்லாத அறையில் ஆண்டுக்கணக்காக நீரில் கிடந்தாலும், நீர் உறைந்து உருகும் குளிர்நாடுகளில் கண்ணறைச் சுவர்கள் உடைந்தாலும் அது நீரை ஏற்கும். 200 லிட்டர் நுரையின் பாதிக் கொள்ளளவை நீர் பிடித்துக்கொண்டால் படகு எப்போதும் 100 கிலோ கூடுதல் எடையைச் சுமக்கும். நெருக்கடியில் கிடைக்க வேண்டிய மிதவையிலும் 100 கிலோ குறையும். படகு முன்புபோல் ஓடவில்லை, அதிக எரிபொருள் குடிக்கிறது என்ற முறையீடுகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

சீரமைக்கும் முறை

இத்தகைய படகைத் திறந்து சீரமைக்கும் வேலையில் பட்டறிவால் உருவான ஒரு வரிசை உண்டு.

முதலில் படகின் அடிப்பகுதி பல இடங்களில் தாங்கப்பட வேண்டும். தளத்தை அறுத்தவுடன் பெட்டியின் மூடி போய்விடுகிறது. தாங்கல் இல்லாவிட்டால் ஓடு தன் எடையிலேயே தொய்யும்; பக்கங்கள் விரியும். அந்த நிலையில் புதுத் தளத்தை ஒட்டினால் கோணல் நிலைத்துவிடும். எனவே அறுப்பதற்கு முன்பே மேல்விளிம்புகளுக்குக் குறுக்காகத் தற்காலிகச் சட்டங்களை முடுக்குகின்றனர். பழைய குறுக்குச் சட்ட இருக்கை செய்த அதே வேலையை இந்தத் தற்காலிகச் சட்டங்கள் செய்கின்றன.

அடுத்து இருக்கைகள், எரிபொருள் தொட்டி, கம்பிவடங்கள் ஆகியவை எங்கே இருந்தன என்பதைப் படமெடுத்தும் அளந்தும் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய தளத்தை இயன்றவரை முழுத் துண்டுகளாக எடுத்தால் அதுவே புதுப் பலகைக்கு அச்சாகும். ஓரங்களில் சிறு விளிம்பை விட்டு அறுத்தால் ஓட்டில் ரம்பம் படாது. அறுக்கும்போது பறக்கும் கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் தீங்கானது. முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

திறந்தபின் நீளச்சட்டங்களில் சிறு துளையிட்டுப் பார்க்கலாம். துளையிலிருந்து வெளிறிய உலர்ந்த துருவல் வந்தால் மரம் நலமாக உள்ளது. கறுத்த ஈரமான துருவல் வந்தால் மாற்ற வேண்டும். எல்லாச் சட்டங்களையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் ஒவ்வொன்றாக மாற்றுவது படகின் வடிவத்தைக் காக்கும். எடுத்த நுரையின் கன அளவைக் குறித்து வைத்தால் பின்னால் கணக்குக்கு உதவும்.

புதிய தளத்துக்குக் கடற்பயன்பாட்டுக்கான பிளைவுட் ஏற்றது. இடைவெளியற்ற உள்ளடுக்குகளும் நீரைத் தாங்கும் பசையும் அதன் சிறப்பு. பலகையின் இரு முகங்களோடு வெட்டு விளிம்புகளையும் பிசினால் அடைக்க வேண்டும். நீரை மிகுதியாகக் குடிப்பவை விளிம்புகளே. மரத்தோடு பாலியெஸ்டர் பிசினைவிட எப்பாக்சி உறுதியாகப் பிடிக்கும். மிச்சிகன் மாநிலத்தின் கூஜன் சகோதரர்கள் 1969இல் தொடங்கிய நிறுவனம் மரமும் எப்பாக்சியும் சேர்ந்த இம்முறையைப் பரப்பியது. 1979இல் வெளியான அவர்களது படகுக் கட்டுமான நூல் தனியாள்களும் இத்தகைய வேலைகளில் இறங்க வழிகாட்டியது.

இருக்கைகளைப் பொருத்தும் முறையே புதுத் தளத்தின் ஆயுளை முடிவு செய்கிறது. தேவையைவிடப் பெரிய துளை போட்டு, அதைக் கெட்டியாக்கிய எப்பாக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் திருகாணிக்கு உரிய சிறு துளையிட வேண்டும். அப்போது திருகாணி மரத்தைத் தொடுவதே இல்லை. கசிந்த நீரும் மரத்தை அடைவதில்லை. சுழல் நாற்காலி போன்ற உயரமான இருக்கைகள் நெம்புகோல்போல் தளத்தை இழுக்கும். அவற்றுக்குக் கீழே தடித்த தாங்கு பலகை வைத்து, ஊடுருவும் போல்ட்டால் முடுக்க வேண்டும். தளத்தின் அடியில் முன்னிருந்து பின்னுக்கு நீர் வடியும் வழியும், அதை வெளியேற்றும் துளையும், உள்ளே பார்க்கச் சிறு மூடித் திறப்புகளும் அமைத்தால், கழற்றக்கூடிய பழைய தளத்தின் பயனில் ஒரு பகுதி மீண்டும் கிடைக்கும்.

நுரையின் கணக்கு

சீரமைப்பில் பலர் விட்டுவிடும் படி நுரையைத் திரும்ப வைப்பது. ஈரத்தைச் சேர்த்து மரத்தை அழித்தது நுரைதான் என்ற கோபத்தில் அதை முற்றிலும் நீக்கிவிட்டு, கிடைத்த இடத்தைச் சாமான் அறையாக்குபவர்கள் உள்ளனர். படகு நன்றாக மிதக்கும்வரை இதன் விளைவு தெரியாது.

கணக்கு கடினமானதன்று. படகில் வழக்கமாகப் பயன்படும் பாலியூரித்தேன் நுரை ஒரு கனமீட்டருக்குச் சுமார் 32 கிலோ எடையுடையது. ஒரு கனமீட்டர் நன்னீரின் எடை 1000 கிலோ. ஆகவே நீருக்குள் அமிழ்ந்த ஒரு கனமீட்டர் நுரை சுமார் 968 கிலோவைத் தாங்கும். ஒரு லிட்டர் நுரை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். கண்ணாடி இழை நீருக்குள் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக மட்டுமே கனக்கும். 300 கிலோ ஓட்டுக்கு 100 கிலோ மிதவை வேண்டும். 100 கிலோ இயந்திரத்துக்கு அதன் முழு எடையையும் கணக்கில் கொள்வது பாதுகாப்பானது. இவ்விரண்டுக்கு மட்டுமே சுமார் 207 லிட்டர் நுரை தேவை. மின்கலம், பொருள்கள், ஆட்களின் பங்கு ஆகியவை இதற்கு மேல் சேரும்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் தெர்மாகோல் பெட்ரோலில் கரையும். பாலியெஸ்டர் பிசினில் உள்ள ஸ்டைரீனும் அதைக் கரைக்கும். எரிபொருள் கசியக்கூடிய அறையில் அதைத் திறந்த நிலையில் வைத்தால், ஆபத்து வரும் நாளில் அங்கே மிதவை இருக்காது.

அலுமினியப் படகுகளில் இருக்கை

போர் விமானங்களைத் தயாரித்த கிரம்மன் நிறுவனம் 1945இல் அலுமினியச் சிறு படகுகளைச் செய்யத் தொடங்கியது. அதன்பின் தட்டையடி அலுமினிய மீன்பிடிப் படகுகள் அமெரிக்க ஏரிகளில் பெருகின. இவற்றில் பக்கத்திலிருந்து பக்கம்வரை நீளும் பெஞ்சு இருக்கைகள் ஓட்டோடு ரிவெட் அடிக்கப்பட்டன. பெஞ்சின் உட்புறம் நுரை அடைக்கப்பட்டது. கண்ணாடி இழைப் படகில் பிரிந்துபோன பணிகள் இங்கே மீண்டும் ஒரே உறுப்பில் கூடின. பெஞ்சு இருக்கையாகவும் குறுக்குச் சட்டமாகவும் மிதவையாகவும் நின்றது.

இப்படகுகளைப் புதுப்பிப்பவர்களிடம் பரவலான ஆசை, நடுப் பெஞ்சை அறுத்தெடுத்துச் சமதளம் அமைத்துச் சுழல் நாற்காலி வைப்பது. அவ்வாறு செய்யும்போது மூன்று இழப்புகள் ஒருங்கே நேர்கின்றன. பக்கங்களின் பிணைப்பு போய் ஓடு அலையில் நெளிகிறது, ரிவெட்டுகள் தளர்கின்றன. மிதவை குறைகிறது, அலுமினியமோ நீருக்குள்ளும் தன் எடையில் ஏறத்தாழ 63 விழுக்காடு கனக்கும். மேலும், உயர்த்திய தளத்தில் உயரமான நாற்காலியில் அமர்வதால் ஆட்களின் எடை மேலேறிப் படகு எளிதில் சாய்கிறது. பெஞ்சை எடுத்தே ஆக வேண்டுமானால், அதன் இடத்தில் பக்கத்துக்குப் பக்கம் சட்டகம் அமைத்து, எடுத்த அளவுக்குக் குறையாத நுரையைத் தளத்துக்கு அடியிலும் பக்கவாட்டிலும் வைத்து, தளத்தை இயன்றவரை தாழ்வாக அமைக்க வேண்டும்.

அமெரிக்க மிதவை விதிகள் படகை விற்பனைக்குத் தயாரிப்பவரைக் கட்டுப்படுத்துபவை. தொழிற்சாலையில் கணக்கிட்டு வைக்கப்பட்ட மிதவை, நாற்பது ஆண்டுகளுக்குப்பின் கையில் ரம்பத்துடன் நிற்கும் உரிமையாளரின் பொறுப்பில் இருக்கிறது.

தமிழகக் கரையில்

இக்கேள்வி தமிழகக் கடற்கரைக்கும் உரியது. கட்டுமரத்துக்குத் தளமும் இல்லை, இருக்கையும் இல்லை. மிதக்கும் மரங்களையே சேர்த்துக் கட்டியிருப்பதால் அலை மேலே பாய்ந்து வடிந்துவிடும். நிரம்புவதற்கு அதில் உட்குழிவே கிடையாது. அதன் இடத்தைக் கண்ணாடி இழைப் படகுகள் படிப்படியாகப் பிடித்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மீனவர்களின் கட்டுமரங்களையும் வள்ளங்களையும் பெருமளவில் அழித்தபின், நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பகுதி கண்ணாடி இழைப் படகுகளாக இருந்தது அந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது. கட்டுமரத்தில் மரமே மிதவையாக இருந்தது. புதிய படகில் மிதவை மூடிய அறைகளுக்குள் அடைத்த நுரையையோ தெர்மாகோலையோ நம்பியிருக்கிறது. அந்த அறைகளின் மூடி விரிசல் விட்டாலும், பழுது பார்க்கும்போது உள்ளிருப்பதை எடுத்துவிட்டு இடத்தை மீன் வைக்கப் பயன்படுத்தினாலும், படகின் தோற்றத்தில் வேறுபாடு எதுவும் தெரியாது.

பழைய சிறு படகின் தளத்தைத் திறப்பவர் அதை மூடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். பக்கங்களை இப்போது எது பிடித்து நிறுத்துகிறது? அடியில் சேரும் நீர் எந்த வழியாக வெளியேறும்? படகு நிரம்பினால் எத்தனை கிலோவை எது தாங்கும்? இவற்றில் முதல் இரண்டில் தவறினால் சில ஆண்டுகளில் தளம் மீண்டும் அமுங்கித் தவற்றைக் காட்டிவிடும். மூன்றாவதில் தவறினால் அது படகு நிரம்பும் நாளில்தான் தெரியவரும்.